ஆதர்சக் குடும்பத்தின் அநாதை

ராயபுரம் ஆதர்சக் குடும்ப க்ஷேம சபை ஏழைகளுக்காகத் தொடங்கப்பட்டது. ஆகவே அதில் ஏழைகள் யாரும் அங்கத்தினர் இல்லை. தலைவர் ராவ் சாகிப் அய்யாத்துரைக்கு வண்ணாரப்பேட்டையில் மொத்த மளிகை வியாபாரம். வெள்ளைக்காரன் கப்பலேறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவன் கொடுத்த பட்டத்தை மட்டும் ராவ் சாகிப் கூடவே ஏற்றி அனுப்பாமல் வைத்துக்கொண்டார். காரியதரிசி ஸ்டானிஸ்லாஸ் எங்கோ தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். விதியில் இருப்பதைச் செய்யாமல் விடமாட்டார்; விதியில் இல்லாதது உலகத்தில் இருப்பதாகவே ஒப்புக்கொள்ளமாட்டார்.

சபை திருவொற்றியூரில் ஒரு வரிசை ஓட்டு வீடுகள் கட்டியது. சிமெண்டுத் தரை, ஜன்னல், வரிசைக் கோடியில் தண்ணீர்க் குழாய். வீடு இல்லாதவனுக்கு வீடு கொடுப்பது சாதாரணச் சங்கங்கள் செய்கிற வேலை என்பது ராவ் சாகிபின் அபிப்பிராயம். இவருடைய சபை ஆதர்சக் குடும்பங்களுக்குத்தான் வீடு கொடுக்கும். மூன்று குழந்தைகளுக்கு மேற்படாத குடும்பம் ஆதர்சக் குடும்பம். இதைக் கண்டுபிடித்தவரும் ராவ் சாகிப்தான். அவருக்கு ஒன்பது குழந்தைகள்.

கோதண்டத்துக்கு நான்கு.

கோதண்டம் துறைமுகத்தில் கரிக்கூடை சுமந்தான். குடிசை ராயபுரம் கடலோரத்தில். வருஷா வருஷம் கடல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. போன ஐப்பசியில் அலை வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்து, படுத்திருந்த பாயையே நனைத்துவிட்டுப் போயிற்று. அன்று பிடித்த சளி கைக்குழந்தை சின்னானை விடவேயில்லை. மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்குள் பூனை உறுமுகிற மாதிரி ஒரு சத்தம். "இந்த ஈரத்துல வச்சிகினு இருந்தா அடுத்த மழைக்கு இது தாங்காது" என்று ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் சொல்லிவிட்டார்.

சின்னானுக்கு மேல் சிவந்தி, நாலு வயசு. அவளுக்கு மேல் ஜெயவேலு, ஆறு வயசு. எல்லோருக்கும் மூத்தவள் வேம்பு, ஒன்பது வயசு. தாய் கெங்கம்மா விடிந்ததும் மீன் ஆயப் போய்விடுவாள். பிறகு அந்தக் குடும்பத்துக்குத் தாய் வேம்புதான். சின்னானை இடுப்பில் வைத்துக்கொண்டே கஞ்சி வைப்பாள், ஜெயவேலுவைத் துரத்திப் பிடித்துக் குளிப்பாட்டுவாள், சிவந்திக்குப் பேன் பார்ப்பாள்.

ஓட்டு வீட்டுச் செய்தியைக் கொண்டுவந்தவன் பக்கத்துக் குடிசைத் தாவூது. "போய் எழுதிக் குட்த்துட்டு வா மாமு. கொழந்தைக்காவனா போ" என்றான். கோதண்டம் வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு சபைக்குப் போனான்.

ஸ்டானிஸ்லாஸ் தலை நிமிராமல் கேட்டார்: "எத்தனை குழந்தைகள்?"

"நாலு, சாமி."

"நாலு கிடையாது."

"கிடையாதுன்னா? வூட்ல கீதே, சாமி."

"வீட்டில் இருக்கலாம். விதியில் இல்லை." அவர் விண்ணப்பத்தைத் திருப்பிக் காட்டினார். "இதோ பார், மூன்று கோடு போட்டிருக்கிறது. நாலாவதை நான் எங்கே எழுதுவது? மேஜைமேலா?"

"அப்ப எனக்கு வூடு கெடைக்காதா, சாமி?"

"கிடைக்காது என்று யார் சொன்னது? மூன்று பெயர் சொல். எழுதிக்கொள்கிறேன்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

ஸ்டானிஸ்லாசுக்குக் கோபம் வந்துவிட்டது. "சபை பொய்யை வன்மையாகக் கண்டிக்கிறது! மூன்று பெயரைச் சொல் என்றேன். அந்த மூன்றும் உண்மையான பெயர்கள்தானே? பின்னே அதில் பொய் எங்கிருந்து வந்தது?"

கோதண்டம் யோசித்துப் பார்த்தான். அவர் சொன்னதில் ஏதோ கோணல் இருந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. வெளியே வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "சின்னான்" என்றான். சளி பிடித்தவன் அவன்தானே. "சிவந்தி" என்றான். "ஜெயவேலு" என்றான். பேனா நின்றது. வேம்புவின் பெயர் தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது. கீழிருந்து மேலாகச் சொன்னது தற்செயல்தான் என்று பிற்பாடு அவன் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டான். ஒருமுறைகூட அவனால் அதை நம்ப முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கெங்கம்மா கேட்டது ஒரே கேள்விதான். "யார வுட்டே?"

மூலையில் அரிசி களைந்துகொண்டிருந்த வேம்புவின் பக்கம் அவன் கண் போனதைக் கெங்கம்மா பார்த்துவிட்டாள்.

"அட பாவி மனுசா! அவ ஒருத்திதான்யா இந்தக் குடும்பத்தத் தூக்கிகினு கீறா. அவளயா வுட்டுட்டு வந்தே?"

"மத்ததுங்களுக்குச் சொன்னா புரியாதும்மே. இவளுக்குச் சொன்னா புரியும்..."

வேம்பு அரிசித் தண்ணீரை இறுத்தபடியே சொன்னாள்: "வுடும்மா. அவங்க வந்து பாத்துட்டுப் போறவரிக்கும் நான் தாவூது மாமா வூட்ல குந்திகினு கீறேன். அப்பால வந்துட்றேன். இன்னா இப்போ?"

அவள் அழுதிருந்தாலோ சண்டை போட்டிருந்தாலோ கோதண்டம் அன்றைக்குச் சாப்பிட்டிருப்பான்.

ஒரு சனிக்கிழமை சபையார் பார்வையிட வந்தார்கள். ராவ் சாகிப் வாசனைக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். கூடவே ஸ்டானிஸ்லாஸ். மூன்றாவதாகக் குணசுந்தரி அம்மாள். மாதர் பகுதிக்கு அவர் பொறுப்பு. கையில் அளவு நாடா வைத்திருந்தார். குழந்தைகளின் உயரத்தையும் மார்பையும் தலையையும் அளந்தார். எதற்கு என்று அவருக்குத் தெரியாது. முந்தின வருஷமும் அளந்தார்களாம்.

"தம்பி, நீங்கள் எத்தனை பேர்?" என்று ராவ் சாகிப் ஜெயவேலுவைக் கேட்டார்.

"மூணு பேருங்க. மூணுக்கு மேல சொல்லக் கூடாதுங்க."

"பார்த்தீர்களா, இந்த வயசிலேயே கொள்கை!" என்று ராவ் சாகிப் பூரித்துப்போனார்.

அந்த நேரம் பார்த்துச் சின்னான் அழ ஆரம்பித்தான். நாடாவைக் கண்டு பயந்திருப்பான். கெங்கம்மா தோளில் போட்டுத் தட்டினாள், ஆட்டினாள், பால் கொடுத்துப் பார்த்தாள். அழுகை இருமலாகி, முகம் நீலம் பாரித்து, மூச்சு இழுத்தது. பக்கத்துக் குடிசையின் ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் வேம்பு எவ்வளவு நேரம்தான் பொறுப்பாள்? ஓடிவந்தாள். யாரையும் பார்க்காமல் குழந்தையை வாங்கினாள், குப்புறப் போட்டு முதுகை நீவினாள். சளி கலங்கி, அழுகை நின்றது. சின்னான் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு விசும்பினான்.

"யார் இந்தப் பெண்?" என்றார் குணசுந்தரி அம்மாள்.

"பக்கத்து வூடும்மா" என்றாள் வேம்பு. சொல்லிக் கொடுத்திருந்தது அதுவரைக்கும்தான்.

"உன் அப்பா அம்மா எங்கே?"

அவள் விழித்தாள். பதில் கேட்டுத் தகப்பனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை யாராவது கவனித்துவிடுவார்களே என்ற பதற்றத்தில் கோதண்டம் சட்டென்று சொன்னான்: "அதுக்கு யாரும் இல்லம்மா."

அடுத்த கேள்வி வராமல் இருக்கத்தான் அவன் அப்படிச் சொன்னது. ஆனால் ராவ் சாகிபின் கைக்குட்டை மூக்கிலிருந்து இறங்கிவிட்டது. இவ்வளவு சந்தோஷத்தை அந்தக் கடற்கரை வெகுநாளாகப் பார்த்ததில்லை.

"யாருமே இல்லையா? ஓய் ஸ்டானிஸ்லாஸ், கேட்டீரா? யாருமே இல்லையாம்!"

விஷயம் இதுதான். சபை புதிதாக ஓர் அநாதை இல்லம் கட்டியிருந்தது. எட்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, திறப்பு விழா. "கட்டடம் தயார், மாலைக்குச் சொல்லியாயிற்று, பாயசத்துக்கும் சொல்லியாயிற்று" என்று ஸ்டானிஸ்லாஸ் விளக்கினார். "அநாதைகள்தான் போதவில்லை. இந்த வட்டாரத்து ஜனங்களுக்குப் பொறுப்பே இல்லையப்பா. எந்தக் குழந்தையை விசாரித்தாலும் ஒரு சித்தியாவது வந்து நின்றுவிடுகிறாள்."

"கடவுள் கொடுத்தார்" என்றார் குணசுந்தரி அம்மாள், வேம்புவின் தலையை அளந்துகொண்டே.

இப்போது உண்மையைச் சொன்னால் வீடு போகும். சின்னானின் நெஞ்சு இன்னும் கர்புர்ரென்று கேட்டுக்கொண்டிருந்தது. "விழா முடிஞ்சதும் அனுப்பிச்சுருவீங்களா, சாமி?" என்றான் கோதண்டம்.

"முடிந்த பிறகு அநாதைகளை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?" என்றார் ஸ்டானிஸ்லாஸ். "அதற்கு நிதி ஒதுக்கவில்லையே."

கெங்கம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். வேம்பு சின்னானைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, சபையார் காதிலும் விழும்படி சொன்னாள்: "யக்கா, நெஞ்சுல எண்ண காச்சித் தடவு. மறந்துடாத, யக்கா."

ராவ் சாகிபின் காரில் அவளைப் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். அவள் அதுவரை காரில் ஏறியதில்லை.

அந்த வாரம் அந்தக் குடிசையில் எதுவும் சரியாக நடக்கவில்லை. கஞ்சி அடிப்பிடித்தது. சிவந்தி வாசலிலேயே உட்கார்ந்து, போகிற கார்களை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கெங்கம்மா கோதண்டத்தோடு பேச்சை நிறுத்திவிட்டாள்; சோற்றுத் தட்டை மட்டும் தரையில் ஓங்கி வைப்பாள். தாங்கமாட்டாமல் ஒருநாள் அவன் வேலையிலிருந்து நேரே அநாதை இல்லத்து வாசலுக்குப் போனான். காவல்காரன் மறித்தான்.

"ஒறவுக்காரங்கதான் பாக்கலாம். நீ யாரு?"

"பக்கத்து வூடு."

"அநாதைக்கு ஏதுய்யா பக்கத்து வூடு? போ, போ. ஒறவுக்காரங்களும் பாக்க முடியாது. ஒறவுக்காரங்க இருந்தா அது அநாதையே இல்ல."

சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது. உள்ளே தட்டுகளின் ஓசை கேட்டது. அந்த ஓசையில் எது வேம்புவின் தட்டு என்று கேட்டுப் பார்த்தபடி கொஞ்சநேரம் நின்றுவிட்டுத் திரும்பினான்.

ஞாயிற்றுக்கிழமை விழா. வருவதாக இருந்த மந்திரி வரவில்லை. அவருக்காகப் போட்ட நாற்காலிக்கு மாலை போட்டார்கள். மேடையில் ஒருபக்கம், உதாரணமாகக் காட்டுவதற்குச் சபை தேர்ந்தெடுத்த ஆதர்சக் குடும்பம்: கோதண்டம், கெங்கம்மா, மூன்று குழந்தைகள். மறுபக்கம் அநாதைகள், வெள்ளைப் பாவாடை சட்டையில், வரிசையாக. கோதண்டம் அந்த வரிசையில் மகளைத் தேடினான். கண்டுபிடிக்க நேரமாயிற்று. சுகாதாரத்துக்காக எல்லாப் பெண்களுக்கும் முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

ராவ் சாகிப் மைக்கைப் பிடித்தார்.

"மகாஜனங்களே! அதிகக் குழந்தைகளின் தீமையை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். எனக்கு ஒன்பது குழந்தைகள். ஒவ்வொரு குழந்தையின் பெயரும் எனக்குத் தெரியும். காரியதரிசி எழுதிக் கொடுத்திருக்கிறார். ஏழைக்கு இத்தனை குழந்தைகள் எதற்கு? அவன் என்ன சொத்தையா பிரித்துக் கொடுக்கப்போகிறான்? இதோ, இந்தத் தொழிலாளியைப் பாருங்கள். மூன்றோடு நிறுத்திக்கொண்டான். இதோ, இந்த அநாதைகளையும் பாருங்கள். இவர்களைப் பெற்றவர்கள் எங்கே? ஓடிப்போய்விட்டார்கள்! பெற்ற பிள்ளையை யாரோ என்று விட்டுவிட்டுப் போக ஒரு தகப்பனுக்கு எப்படி ஐயா மனம் வருகிறது? அவன் மனுஷனா?"

அவர் பொதுப்படையாகத்தான் கேட்டார். ஆனாலும் அவர் நீட்டிய விரல் வேம்புவின் வெட்டிய தலைக்கு நேராக நின்றது.

அப்போது கெங்கம்மாவின் இடுப்பிலிருந்த சின்னான் வேம்புவைக் கண்டுகொண்டான். முடி இல்லாவிட்டால் அவனுக்கென்ன? இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வீறிட்டான். இருமல் வந்தது. வேம்புவின் கால் ஓரடி முன்னால் வந்தது. தகப்பனைப் பார்த்தாள். மறுபடி வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

அதற்கு மேல் கோதண்டத்தால் முடியவில்லை. எழுந்து போய் மைக்கின் முன்னால் நின்றான்.

"சாமி, அது என் பொண்ணு."

கூட்டம் திடுக்கிட்டது. ராவ் சாகிபும்தான். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "ஆஹா!" என்றார். "கேட்டீர்களா மகாஜனங்களே! இவன் சொல்கிறான், அந்த அநாதை என் மகள் என்கிறான்!"

கைதட்டல் கொட்டகையைத் தூக்கியது.

"அய்யோ, அப்பிடி இல்ல சாமி. நெசமாவே என் பொண்ணு. வேம்பு. நான் பெத்த பொண்ணு!"

"பெற்ற பெண் என்றே சொல்லிவிட்டான்! இதுவல்லவோ ஆதர்சம்!"

முன்வரிசையில் ஒரு மூதாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போட்டோக்காரனின் விளக்கு பளிச்சென்று வெடித்தது. கோதண்டம் எவ்வளவுக்கு உண்மையைக் கத்தினானோ அவ்வளவுக்கு அவன் உத்தமனாகிக்கொண்டே போனான். கடைசியில் அவன் வேம்புவிடம் ஓடி அவளைக் கட்டிக்கொண்டு அழுதபோது ராவ் சாகிப் தன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டுவிட்டார்.

மேடைக்குப் பின்னால் ஸ்டானிஸ்லாசுக்குத்தான் கவலை. குழந்தை நான்காகிவிட்டதே! விதிப் புத்தகத்தைப் புரட்டினார். தத்து எடுத்த அநாதை 'குழந்தை' என்ற தலைப்பில் வராது, 'தர்மம்' என்ற தலைப்பில் வரும் என்று கண்டுபிடித்து நிம்மதி அடைந்தார். வேம்பு தர்மக் கணக்கில் எழுதப்பட்டாள். வீட்டுச் சாவி கோதண்டத்தின் கையில் வந்தது.

திருவொற்றியூர் வீட்டில் தரை காய்ந்திருந்தது. சின்னானின் நெஞ்சில் உறுமல் குறைந்தது. வேம்புவின் முடி வளர ஆரம்பித்தது. எல்லாம் நல்லபடியாக இருந்தது. அதுதான் கோதண்டத்துக்குத் தாங்கவில்லை. நல்ல காற்று ஜன்னல் வழியே வரும்போதெல்லாம் அது யாரையோ விற்று வாங்கிய காற்று போல அவனுக்குத் தோன்றும்.

தத்துப்பிள்ளை சரியாக நடத்தப்படுகிறதா என்று பார்க்கக் குணசுந்தரி அம்மாள் மாதாமாதம் வந்தார். ஒருமுறை அவர் வரும் நேரம், உலையை வழியவிட்டதற்காகக் கெங்கம்மா வேம்புவின் முதுகில் ஒன்று வைத்தாள்.

அம்மாள் பதறிப்போனார். "என்னம்மா இது? பெற்ற பிள்ளையாக இருந்தால் அடிப்பாயா?"

"பெத்த புள்ளையா இருக்கறதாலதாம்மா அடிக்கிறேன்."

"வாயெல்லாம் நன்றாகத்தான் பேசுகிறாய்" என்று சொல்லிவிட்டு, அம்மாள் வேம்புவைத் தனியாக அழைத்தார். "பயப்படாமல் சொல்லு கண்ணு. இவர்கள் உன்னைச் சொந்தப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறார்களா?"

வேம்பு கொஞ்சம் யோசித்தாள். "நல்லாத்தான் வச்சிகினு கீறாங்கம்மா" என்றாள்.

கதவுக்குப் பின்னால் நின்ற கோதண்டத்தின் காதில் அது விழுந்தது. அவள் பொய் சொல்லவில்லை. நடிக்கவும் இல்லை. விருந்தாளி மரியாதையாகப் பதில் சொல்வது போலச் சொன்னாள். அன்று மத்தியானமே அவன் சபைக்கு ஓடினான்.

"சாமி, வூடு வேணாம். எடுத்துக்கோங்க. அது என் சொந்தப் பொண்ணு, உங்கள ஏமாத்திட்டேன். அத எழுதிக் குடுத்துடுங்க, போதும்."

ஸ்டானிஸ்லாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சபையை ஏமாற்றினாயா?"

"ஆமா சாமி."

"முடியாது. சபை ஏமாறியதாக எழுத விதியில் இடமில்லை. தவிர, ஆண்டறிக்கை அச்சாகிவிட்டது. அதில் உன் போட்டோ இருக்கிறது. அவள் உன் பெண் என்றால், நாங்கள் பாவாடை கொடுத்தது யாருக்கு? ராவ் சாகிப் கண்கலங்கியது எதற்கு? எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா? உணர்ச்சிவசப்படாதே. அவளைச் சொந்த மகள் போலவே வளர்த்துவா. அதற்கு யாரும் குறுக்கே நிற்கவில்லை."

கோதண்டம் கெஞ்சினான். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சபைப் படியிறங்கி ரோட்டுக்கு வந்த பிறகுதான் கோதண்டம் அதைக் கவனித்தான். கால் லேசாக இருந்தது. வீடு போகவில்லை என்ற நிம்மதி, அவனைக் கேட்காமலே, உடம்பெல்லாம் பரவியிருந்தது. இந்த நிம்மதிக்காகத்தான் வந்து கேட்டோமோ என்று நினைத்ததும் அவனுக்கு நடுத்தெருவில் கூசிப்போயிற்று.

வீட்டு வரிசைக்குள் நுழைந்தபோது வேம்பு குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் போய் நின்றான். குடம் பாதி நிறைந்ததும் அவள் நிமிர்ந்தாள்.

"நைனா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளும்மா."

"மைக்குல 'என் பொண்ணு'ன்னு சொன்னியே, அது அவங்க சொல்லிக் குட்த்ததா?"

"இல்லம்மா. நானாத்தான் சொன்னேன். நெசமாத்தான் சொன்னேன்."

"அதுக்கு மின்னாடி 'அதுக்கு யாரும் இல்ல'ன்னு சொன்னியே?"

சுற்றிலும் பெண்கள் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். பொய் சொல்லலாம். அவள் நம்பக்கூடச் செய்வாள்.

"அதுவும் நானாத்தான் சொன்னேன்."

அவள் தலையாட்டினாள். கணக்குச் சரியாக வந்துவிட்டது போல ஒரு தலையாட்டல். குடம் நிரம்பி வழிந்தது. கோதண்டம் குனிந்து அதைத் தூக்கப் போனான். அதற்குள் அவளே ஒரே எம்பில் இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"நான் தூக்கிப்பேன், நைனா" என்றாள், கோபமில்லாமல்.

அவள் முன்னால் நடந்தாள். தளும்பிய தண்ணீர் வழியெல்லாம் சிந்தியது. அதை மிதித்துக்கொண்டு கோதண்டம் பின்னாலேயே போனான்.